பேனல் கதவுக்குப் பின்னால்

(கோவை வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில், எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் பிரிவுகளில் பயிற்சியை முடிக்கும் மாணவர்களுக்கு, பேனல் ஒயரிங் தொழிலில் நெடுங்காலம் இருந்த ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்.)



வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுத்தான் என்னை அழைத்தார்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், முதல் மாதம் என்ன தருவார்கள் என்பதையெல்லாம் போன வருடம் இங்கிருந்து போன உங்கள் அண்ணன்மார் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். வேலை கிடைத்தபின் உங்கள் கைக்கு வரப்போகும் காரியம் என்ன, அதற்குள் எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதைப் பற்றி அதிகமாக யாரும் பேசுவதில்லை. நான் அதைப் பேசுகிறேன்.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையின் பஞ்சாலைகளும் பவுண்டரிகளும் மோட்டார், பம்ப்செட் பட்டறைகளும் இன்றைய அளவுக்கு வளர்ந்தன. மோட்டார் செய்தவர்கள், பம்ப் செய்தவர்கள் பெயரெல்லாம் பலகையில் இருக்கிறது. அந்த மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் காப்பாற்றவும் ஒரு பெட்டி வேண்டுமே, அந்தப் பெட்டிக்குள் ஒயர் இழுத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. நீங்கள் செய்யப்போவது அவர்களுடைய வேலை.

பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டி பம்ப், லிஃப்ட், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர், சாய ஆலை, அரிசி ஆலை எதை எடுத்தாலும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். அதைத்தான் பேனல் என்கிறோம். உள்ளே எம்சிபி, கான்டாக்டர், ஓவர்லோட் ரிலே, டைமர் இவற்றையெல்லாம் ஒரு தகட்டில் வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள். இவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பது ஒயர். நடுத்தரமான ஒரு பேனலிலேயே சில நூறு ஒயர்கள் போகும். ஒவ்வோர் ஒயருக்கும் இரண்டு முனை. ஒவ்வொரு முனையும் ஓர் இணைப்பு. அந்த இணைப்புகளைச் செய்பவர்தான் ஒயரிங் தொழில்நுட்பர்.

பார்ப்பவர்களுக்கு இது ஸ்க்ரூடிரைவரால் திருகுகிற வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முதலில் டிராயிங். பவர் ஒரு தாளில், கன்ட்ரோல் ஒரு தாளில். டிராயிங்கை வாசிக்காமல், பக்கத்தில் முடித்து வைத்த பேனலைப் பார்த்து அப்படியே ஒயர் இழுப்பவர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. வேகமாகவும் முடிப்பார்கள். அந்தப் பழக்கத்துக்குள் போகாதீர்கள். முந்தின பேனலில் ஒரு பிழை இருந்தால் அது உங்கள் பேனலுக்கும் வந்துவிடும். டிராயிங்கில் கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தால் அது உங்கள் கண்ணுக்கே படாது.

அடுத்து தகட்டில் மார்க்கிங், துளை, டின் ரெயில், ஒயர் போகும் பிவிசி டக்ட். இதை விரைவாகக் கடந்துவிடலாம், உங்கள் பயிற்றுநர்கள் நன்றாகவே கற்றுத் தந்திருப்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். டக்டில் இடம் விடுங்கள். அமுக்கி அமுக்கித் திணித்து மூடிய டக்டில் சூடு வெளியேறாது. பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் ஓர் ஒயரை மாற்ற வந்தால் பக்கத்து ஒயரையும் சேர்த்து இழுத்துவிடுவார்.

இப்போது முனைக்கு வருவோம். நான் சொல்ல வந்ததெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

ஒன்றரை ஸ்கொயர் ஃப்ளெக்சிபிள் ஒயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகக் கிடைக்கும் ஒயரில் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள 22 செப்பு இழைகள் இருக்கும். பிளேடாலோ கட்டிங் பிளேயராலோ பல்லாலோ உறையை உரித்தால் இழைகளில் நாலு அறுந்து போகும். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த முனையில் செம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அறுபடாமல் கீறல் மட்டும் விழுந்த இழை இன்னும் மோசம், இன்று நன்றாகத்தான் இருக்கும், அதிர்வில் நாள்பட நாள்பட அங்கேயே ஒடியும். அதனால்தான் அளவுக்குத் தக்க ஸ்டிரிப்பர் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறோம்.

உரித்த முனையில் லக் என்ற உலோக முனையைப் போட்டு, கருவியால் அழுத்தி, கிரிம்ப் செய்ய வேண்டும். லக்கின் குழாய் ஒயரின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பெரிய லக்கை எடுத்து ஒயரை மடித்துத் திணிப்பதும், சிறிய லக்கில் நுழைய வேண்டும் என்று இரண்டு இழையை வெட்டிவிடுவதும் ஒரே குற்றம்தான். கிரிம்பிங் கருவி ராட்செட் உள்ளதாக இருக்க வேண்டும், முழு அழுத்தம் கொடுத்தால்தான் அது பிடியை விடும். சரியாக அழுந்திய கிரிம்பை அறுத்துப் பார்த்தால் வட்டமான இழைகள் நசுங்கி, நடுவில் காற்று இடைவெளி இல்லாமல், ஒரே கட்டியாகத் தெரியும். காற்று புகாவிட்டால் ஈரமும் துருவும் புகாது. கட்டிங் பிளேயரால் கடித்து வைத்த லக்கை வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். எந்த வாடிக்கையாளர் அறுத்துப் பார்க்கப் போகிறார்?

அதன்பின் நம்பர் ஃபெரூல். ஒயரின் இரு முனையிலும் ஒரே எண். சின்ன பிளாஸ்டிக் வளையம்தான். ஆனால் 6-ம் 9-ம் தலைகீழாக விழுந்தால் ஒன்று இன்னொன்றாகிவிடும். 66-ஐ 99 என்று வாசித்து இணைத்த ஒயரைத் தேடி ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடியில் கோடு போட்ட ஃபெரூல்களைக் கேட்டு வாங்குங்கள். எல்லா ஃபெரூலும் ஒரே திசையில் வாசிக்கிறபடி போடுங்கள். நாளைக்கு சர்வீஸுக்கு வருபவர் மோட்டார் நின்றுபோன பதற்றத்தில், மங்கலான டார்ச் வெளிச்சத்தில், இதைத்தான் வாசிக்கப் போகிறார்.

கடைசியாக ஸ்க்ரூ. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு டெர்மினலுக்கும் அதைச் செய்த நிறுவனம் நியூட்டன் மீட்டர் கணக்கில் கொடுத்திருக்கிறது. டார்க் ஸ்க்ரூடிரைவர் அதற்குத்தான். கைக்கணக்கு என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதிகம் இறுக்கினால் மரை போகும், இழை நசுங்கும். குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

லூஸ் கான்டாக்ட் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நல்ல இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். அது தளர்ந்து பத்தில் ஒரு பங்கு ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். அதன் வழியே 20 ஆம்பியர் போகிறது. மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, மின்தடையால் பெருக்குங்கள், முதலாம் ஆண்டில் படித்த கணக்குதான். 40 வாட். உங்கள் ஒர்க்ஷாப்பில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட், ஈயத்தை உருக்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய சூடு ஒரு ஸ்க்ரூத் தலைக்குள், மூடிய பெட்டியில், இரவும் பகலும். சூட்டில் செம்பின் மேல் ஆக்சைடு படியும், மின்தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும், ஸ்பிரிங் வலு இழக்கும், பிளாஸ்டிக் கருகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எம்சிபி விழாது. ஏன் விழ வேண்டும்? மின்னோட்டம் 20 ஆம்பியர்தான், அளவுக்குள்தான் இருக்கிறது. ஆர்சிசிபி-யும் விழாது, எர்த்துக்கு எதுவும் கசியவில்லையே. ஓவர்லோட் ரிலேயும் அப்படித்தான். மோட்டார் வழக்கம்போல் ஓடும், இண்டிகேட்டர் விளக்கு எரியும். லட்ச ரூபாய்க்குப் பாதுகாப்புச் சாதனங்களை வாங்கி அந்தப் பெட்டியில் வைத்திருப்பார்கள். தளர்ந்த ஓர் இணைப்பை அவற்றில் எதுவும் கண்டுகொள்வதில்லை. அதைத் தடுக்கக்கூடிய ஒரே சாதனம் அன்றைக்கு ஸ்க்ரூவைத் திருகிய கை.

அமெரிக்காவில் இதை நாடு முழுவதும் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியது. 1965-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். ஒயரின் நீளவாட்டில் எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை வந்தது முனைகளில். அலுமினியத்தின் மேல் உடனே ஆக்சைடு படியும், அது மின்சாரத்தைத் தடுக்கும். சூட்டில் அலுமினியம் செம்பைவிட அதிகம் விரியும். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நழுவிக் கொடுக்கும். ஆகவே இணைப்பு தானாகத் தளர்ந்தது. 1972-க்கு முன் அலுமினிய ஒயர் போட்ட வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும் வாய்ப்பு, செம்பு ஒயர் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. தெருவிலிருந்து பேனலுக்கு வரும் கேபிள் நம்மிடம் பெரும்பாலும் அலுமினியம், உள்ளே பஸ்பார் பெரும்பாலும் செம்பு. இரண்டும் சேரும் இடத்துக்கென்று பைமெட்டல் லக் இருக்கிறது. விலை கூடுதல் என்று அதைத் தவிர்க்கச் சொன்னால் தவிர்க்காதீர்கள்.

பேனலை முடித்து லாரியில் ஏற்றினால் சாலையின் குலுக்கலில் ஸ்க்ரூக்கள் தளரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சைட்டில் இறக்கியதும் பவர் டெர்மினல்கள் அனைத்தையும் மறுபடி சரிபார்த்து, சரிபார்த்த ஸ்க்ரூவின் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்று அடுத்து வருபவருக்குத் தெரியும்.

இனி நான் சொல்வது பேனலைப் பற்றியது அல்ல, ரயிலைப் பற்றியது. ஆனால் ஒயரிங் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் இது இல்லை.

லண்டனில் கிளாப்பம் ஜங்ஷன் என்று மிக நெரிசலான ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. 1988-இல் அங்கே பழைய சிக்னல் கருவிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய ஒயரிங் 1936-ஐச் சேர்ந்தது. ரயில் போக்குவரத்து குறைவாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றுவார்கள். நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஒரு தொழில்நுட்பர் ரிலே அறையில் புதிய ஒயரை இணைத்துவிட்டுப் பழைய ஒயரின் ஒரு முனையைக் கழற்றினார். மறுமுனை ஃபியூஸ் பக்கத்தில் இணைந்தபடியே இருந்தது. கழற்றிய முனையை வெட்டிக் குறைத்திருக்க வேண்டும், புது டேப் சுற்றியிருக்க வேண்டும், தூரத் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும். மூன்றும் நடக்கவில்லை. வெறும் செம்பு தெரிய அந்த முனையை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேலை முடிந்தது.

சிக்னல் வேலை செய்தது. அடுத்த இரண்டு வாரமும் ஒழுங்காக வேலை செய்தது.

டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. அதே அறையில், பக்கத்து ரிலேயில் வேறொரு வேலை. அந்த அசைவில் ஒதுக்கி வைத்த பழைய ஒயர் தன் பழைய வளைவுக்கே திரும்பி, முன்பிருந்த டெர்மினலைத் தொட்டது. அதன் வழியே மின்சாரம் தவறான வழியில் ரிலேக்குப் போனது. தண்டவாளத்தில் ரயில் நின்றாலும் சிக்னல் சிவப்புக்கு மாறவில்லை.

மறுநாள் திங்கள், காலை எட்டு மணி கடந்து சில நிமிடம். பேசிங்ஸ்டோக்கிலிருந்து வந்த ரயிலின் ஓட்டுநர் ஒரு சிக்னல் தம் கண்ணெதிரே திடீரென்று நிறம் மாறுவதைக் கண்டு, விதிப்படி அடுத்த சிக்னலில் ரயிலை நிறுத்தி, இறங்கிப் போய் சிக்னல் அறைக்குத் தொலைபேசியில் சொன்னார். அவருடைய ரயிலைச் சிவப்பு விளக்கு காத்திருக்க வேண்டும். காக்கவில்லை. பின்னால் பூல் (Poole) என்ற ஊரிலிருந்து வந்த ரயில் வேகத்தோடு மோதியது. சிதறிய பெட்டிகள் மேல் எதிர்ப்பாதையில் வந்த காலி ரயில் ஒன்று மோதியது. 35 பேர் இறந்தார்கள். 484 பேர் காயமடைந்தார்கள்.

ஆண்டனி ஹிடன் என்ற வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடந்து, 1989-இல் அறிக்கை வந்தது. 93 பரிந்துரைகள். ஒயரை வெட்டாமல் விட்டவர் தவறு செய்தார் என்று சொல்லி அந்த அறிக்கை முடிந்திருக்கலாம். முடியவில்லை. அங்கேதான் அதன் பெருமை இருக்கிறது. அந்தத் தொழில்நுட்பர் அதற்கு முந்தைய 13 வாரத்தில் எத்தனை நாள் விடுப்பு எடுத்தார் என்று கேட்டார்கள். ஒரே ஒரு நாள். பழைய ஒயரை வெட்டாமல் ஒதுக்கி வைப்பது அவருடைய பல வருடப் பழக்கம், இது தவறு என்று அவ்வளவு காலத்தில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை என்பதையும் கண்டார்கள். மேற்பார்வையாளர் வேறு வேலையில் இருந்தார், செய்த வேலையைப் பார்க்கவில்லை. முடிந்தபின் டெர்மினலில் எத்தனை ஒயர் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது என்று டிராயிங்கோடு ஒப்பிட்டு எண்ணும் ஒரு சோதனை உண்டு. அதை யாரும் செய்யவில்லை. எண்ணியிருந்தால் கூடுதலாக ஓர் ஒயர் இருப்பது அப்போதே தெரிந்திருக்கும்.

அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பிரிட்டிஷ் ரயில்வேயில் பாதுகாப்பு சார்ந்த வேலை செய்பவர்களுக்கு நேர வரம்பு வந்தது. ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு வேண்டும், வாரத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

இதை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் தொழிலில் தவறான வேலையும் ஓடும். தையல் பிசகினால் சட்டை போட்டுப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒயரிங் அப்படி அல்ல. அந்த சிக்னல் இரண்டு வாரம் ஒழுங்காக எரிந்தது. சுவிட்சைப் போட்டேன், ஓடியது, அதனால் சரி என்று நாம் சொல்லவே முடியாது.

உங்களுக்கு நன்கு தெரிந்த ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரையே பாருங்கள். மோட்டார் ஸ்டாரில் கிளம்பும்போது லைன் மின்னோட்டம் டெல்டாவில் எடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் ஒரே சமயத்தில் இழுத்தால் மூன்று ஃபேஸும் நேரடியாக ஷார்ட். அதைத் தடுக்க ஒன்றின் என்சி (சாதாரண நிலையில் மூடியிருக்கும்) கான்டாக்ட் வழியாக மற்றதன் காயிலுக்கு ஒயர் போகும். அதுதான் இன்டர்லாக். இப்போது ஒருவர் அவசரத்தில் அந்த என்சி-யை விட்டுவிட்டு, காயிலுக்கு நேராக ஒயர் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். டெஸ்டிங்கில் என்ன ஆகும்? டைமர் சரியாக மாற்றும். மோட்டார் அழகாக ஓடும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்டார் கான்டாக்டரின் முனை சூட்டில் ஒட்டிக்கொள்ளும் நாளில்தான் அந்த இல்லாத இன்டர்லாக் வெளியே வரும், நெருப்போடு. ஓடுகிறதா என்று பார்ப்பது டெஸ்டிங் அல்ல. ஓடக்கூடாத நேரத்தில் ஓடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்டிங். ஸ்டார் கான்டாக்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, டெல்டா காயிலுக்கு சப்ளை போகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயரும் இப்படித்தான். லோடு ஓடும்போது அது திறந்து கிடந்தால் முனைகளில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் எழும். பெஞ்சில் லோடு இல்லை, அதனால் அங்கே ஒன்றும் தெரியாது.

ஆகவே நான் உறுதியாக நம்புவது இது. ஒயர் இழுத்தவரே அந்தப் பேனலைச் சோதித்து முடிக்கக் கூடாது. அவருடைய நேர்மை மேல் சந்தேகம் இல்லை. டிராயிங்கைத் தவறாக வாசித்தவர் மறுபடி வாசித்தாலும் அதே தவறாகத்தான் வாசிப்பார். இன்னொருவர் டிராயிங்கை எடுத்து, மஞ்சள் மார்க்கரால் ஒவ்வொரு ஒயராகக் கோடு போட்டு, கன்டினியூட்டி பார்க்க வேண்டும். ஒவ்வொரு டெர்மினலிலும் ஒயரை எண்ண வேண்டும். ஒயரை விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்க வேண்டும், அதற்கு முன் எலக்ட்ரானிக் கருவிகளைக் கழற்றிவிட வேண்டும். பேனலுக்கான ஐஎஸ் ஐஇசி 61439 தர நிர்ணயமும் ஒவ்வொரு பேனலும் வெளியே போவதற்கு முன் சோதிக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு பேனல் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். வருடக் கணக்கு முடிவதற்குள் பில் போட வேண்டும், லாரி வாசலில் நிற்கும், ஒயர்மேன் இரண்டு ராத்திரியாக வீட்டுக்குப் போயிருக்க மாட்டார். அந்த வாரத்தில் நடக்கும் டெஸ்டிங் எப்படி இருக்கும் என்று தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பட்டறை நடத்துபவர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், இரண்டாம் ராத்திரி விழித்திருக்கும் ஆளிடம் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்காதீர்கள். பில் நாலு நாள் தள்ளிப் போகட்டும்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நமக்கு ஃபேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. எர்த் பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு. ஐரோப்பாவிலிருந்து வரும் இயந்திரத்தைத் திறந்தால் ஃபேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல். நியூட்ரல் நீலம். அதாவது நமக்கு ஃபேஸாக இருக்கும் நீலம் அங்கே நியூட்ரல், நமக்கு நியூட்ரலாக இருக்கும் கறுப்பு அங்கே ஃபேஸ். திருப்பூரிலும் கோவையிலும் இறக்குமதி இயந்திரங்கள் நிறைய இருக்கின்றன. நிறத்தை மட்டும் நம்பி ஒயரைத் தொடாதீர்கள். மீட்டர் வைத்துப் பாருங்கள்.

தொடுவதற்கு முன் சோதிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் அம்மா அப்பா முன்னிலையில் சொல்ல வேண்டியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12,000-க்கும் மேல். வீடுகளில் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் விழும்படி வைக்கிறோம். அதற்கு மேல் கொஞ்ச நேரம் உடல் வழியே ஓடினாலே இதயத் துடிப்பு சிதறக்கூடும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எடுக்கும் மின்னோட்டமே ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். இதை வைத்து உங்கள் உடலின் தாங்கும் சக்தியை எடை போட்டுக்கொள்ளுங்கள். மெயினை ஆஃப் செய்தால் போதாது. பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சப்ளை இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்து மீட்டர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள், திரும்பப் போய் சப்ளை உள்ள இடத்தில் மறுபடி பாருங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் தெரிய வேண்டும் அல்லவா? ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி உயிரைக் கொடுக்காதீர்கள். உங்களை யாராவது கோழை என்று கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

தங்கைகளிடம் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார்களுக்கு ஒயரிங் ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நீண்ட பலகையில் ஆணிகளுக்கு நடுவே ஒயரை ஓட்டி, டேப் சுற்றி, கனெக்டருக்குள் டெர்மினலைச் செருகுவார்கள். தள்ளு, க்ளிக் கேட்கிறதா பார், இழுத்துப் பார் என்று அவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவார்கள். அந்த க்ளிக் கேட்காமல் போன ஒரு டெர்மினல், ஓடும் காரில் ஏர்பேக் வேலை செய்யாமல் போகக் காரணமாகலாம். இவ்வளவு நுட்பமான வேலையை "கைவேலை" என்று சொல்லி, ஒப்பந்த ஊழியராக வைத்து, வருடக்கணக்கில் நின்றபடியே வேலை வாங்கி, தொழில்நுட்பர் என்ற பெயரைக்கூடத் தராமல் இருப்பது அநியாயம் என்பது என் கருத்து. இங்கே ஒயர்மேன் பிரிவில் படித்த பெண்களைப் பார்க்கிறேன். உங்களுக்கு டிராயிங் வாசிக்கத் தெரியும். அசெம்பிளி லைனில் நின்றுவிடாதீர்கள். டெஸ்டிங்குக்குப் போங்கள், டிசைனுக்குப் போங்கள், மேற்பார்வைக்குப் போங்கள்.

உரிமம் பற்றிப் பலர் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளைப் போலவே, அவற்றின் இடத்தில் வந்த 2023 விதிமுறைகளும், மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர்தான் மேற்பார்வையிட வேண்டும் என்கின்றன. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கம்பியாள், மேற்பார்வையாளர் சான்றுகளைத் தருகிறது. ஐடிஐ சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், அனுபவம் சேர்ந்ததும் அடுத்த சான்றுக்கு எழுதுங்கள். அந்தச் சான்று இருந்தால்தான், "இதை இப்படியே அனுப்பிவிடு" என்று மேலிருந்து யாராவது சொல்லும்போது, "என் கையெழுத்தில் போகாது" என்று சொல்ல உங்களுக்குச் சட்டத்தின் பலம் இருக்கும்.

நேரம் ஆகிவிட்டது. உங்கள் பயிற்றுநரிடம் சொல்லி ஒர்க்ஷாப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றரை ஸ்கொயர் ஒயரும் லக்கும் இரண்டு ராட்செட் கிரிம்பரும், இழுத்துப் பார்க்க ஒரு ஸ்பிரிங் தராசும் கொண்டு வந்திருக்கிறேன். ஆளுக்கு ஐந்து லக் கிரிம்ப் செய்யுங்கள், மூன்றை இழுத்துப் பார்ப்போம், இரண்டை நடுவில் அறுத்து லென்ஸில் பார்ப்போம். பெற்றோரும் வாருங்கள். கேள்விகளை அங்கேயே, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.